எம்பிஏ அமெரிக்காக்காரன் சரக்கா? சேரலாமா, வேண்டாமா?

கேள்வி (மார்ச் 2, மாலை 6:05)

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். வயது 32. லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா முடித்துவிட்டு, கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். எக்ஸிகியூட்டிவ் என்ற இடத்திலேயே பல வருடமாக நிற்கிறேன். "எம்பிஏ எடு, மேனேஜர் ஆக்குகிறேன்" என்கிறார் பாஸ். மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் மாமாவோ, "எம்பிஏ எல்லாம் அமெரிக்காக்காரன் விற்கும் சரக்கு, வியாபாரம் கடையில் நின்றால்தான் வரும்" என்கிறார். டிகிரி இல்லாமலே அனுபவத்தை வைத்து நேராக எம்பிஏ சேர்த்துவிடுகிறேன் என்று ஒரு ஏஜெண்ட் தினமும் போன் செய்கிறார். எம்பிஏ, எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ, எம்எஸ்சி மேனேஜ்மென்ட் எல்லாம் ஒன்றுதானா? படித்தவர்கள் யாராவது நேராகச் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 10:40

மாமா சொன்னதில் பாதி சரி. அமெரிக்கச் சரக்கேதான். மறு பாதிக்கு நாளை வருகிறேன். நான் பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமை வகுப்பில் எம்பிஏ முடித்தவன். அந்த ஏஜெண்டிடம் இப்போதைக்கு ஒரு காசும் கட்டாதீர்கள், தம்பி.

மார்ச் 3, இரவு 9:15

கதை ரயிலில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்க ரயில்வே கம்பெனிகள் ஆயிரக்கணக்கான மைலுக்குத் தண்டவாளம் போட்டன. அதுவரை வியாபாரம் என்றால் முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார், மகன் பக்கத்தில் நிற்பான். ரயில்வேயில் அது நடக்காது. ஊருக்கு ஊர் ஸ்டேஷன், ஊருக்கு ஊர் பணப்பெட்டி, பங்கு வைத்திருப்பவர்கள் எங்கோ இருக்கிறார்கள். நடத்துவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, அதுவும் நூற்றுக்கணக்கில். மகனும் மருமகனும் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

1881-ல் ஜோசப் வார்ட்டன் என்ற இரும்பு முதலாளி 100,000 டாலர் கொடுத்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வணிகப் பள்ளி தொடங்க வைத்தார். அது இளங்கலைப் படிப்பு. பட்டமேற்படிப்பு என்று வந்தது 1900-ல், டார்ட்மத் கல்லூரியின் டக் பள்ளியில். எட்வர்ட் டக் அதற்குக் கொடுத்த நன்கொடையே கிரேட் நார்தர்ன் ரயில்வே பங்குகள்தான், சுமார் 300,000 டாலர் மதிப்பு. அங்கே கொடுத்த பட்டத்துக்கு எம்பிஏ என்று பெயர் இல்லை, 'மாஸ்டர் ஆஃப் கமர்ஷியல் சயன்ஸ்'.

எம்பிஏ என்ற பெயரில் முதலில் நடத்தியது ஹார்வர்ட், 1908-ல். ஆசிரியர்கள் 15 பேர். முறையான மாணவர்கள் 33 பேர், சிறப்பு மாணவர்கள் 47 பேர். முதல் டீன் எட்வின் கே ஒரு பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர். கடை நடத்தியவர் இல்லை. 1930-க்குள் மாணவர் எண்ணிக்கை 1,070 ஆகிவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி முடித்த கையோடு வந்த பையன்கள். வேலை அனுபவம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அனுபவம் இல்லாதவனை மேனேஜர் நாற்காலிக்குத் தயார் செய்வதுதான் முதல் எம்பிஏ. இன்று உங்கள் பாஸ் சொல்லும் எம்பிஏ இதற்கு நேர் தலைகீழ்.

மார்ச் 3, இரவு 9:50

பெண்கள் சேரவில்லையா என்று ஒருவர் கேட்கிறார். பையன்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். ஹார்வர்டின் இரண்டு வருட எம்பிஏ வகுப்பில் பெண்களைச் சேர்த்தது 1963-ல். சேர்ந்தவர்கள் எட்டுப் பேர்.

மார்ச் 5, காலை 7:20

ஜோர்ஜ்டவுன் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: உலகமெல்லாம் கம்பெனி நடத்திய வெள்ளைக்காரன் ஏன் எம்பிஏ தொடங்கவில்லை?

அவனுக்குத் தேவைப்படவில்லை. நல்ல பள்ளிக்கூடம், நல்ல குடும்பம், கொஞ்சம் கிரிக்கெட் போதும். மீதியை வேலையில் கற்றுக்கொள்வான் என்பதே பிரிட்டிஷ் நம்பிக்கை. லண்டனிலும் மான்செஸ்டரிலும் வணிகப் பள்ளிகள் வந்தது 1960-களின் நடுவில்தான். ஆக்ஸ்போர்டில் எம்பிஏ வகுப்பு தொடங்கியது 1996-ல்.

நம் ஊரில் அந்த முறை எப்படி இருந்தது என்று எனக்கு வீட்டிலேயே தெரியும். என் தாத்தா சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. விடியும் முன் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடுவது, யாருக்கு எந்த நெரை (மர வரிசை) என்று பிரித்துவிடுவது, செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) குறிப்பது, பகலில் பால் கொட்டகையில் எடை போடுவது எல்லாம் அவர் வேலை. வாளியில் இருக்கும் ரப்பர் பாலில் மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்களாம். கோடு சரியில்லை என்றால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது. தாத்தாவுக்குப் பாலைத் தூக்கி ஊற்றும்போதே தெரிந்துவிடும். துரை கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கருவி என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அந்தத் தோட்டத்துக்குச் சின்ன துரையாக இங்கிலாந்தில் இருந்து ஒரு பையன் வந்தான். செக்ரோல் எப்படிப் படிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே தாத்தாதான். தமிழும் அவரிடமே கற்றுக்கொண்டான். சில வருடத்தில் அவன் பெரிய துரை. தாத்தா கிராணியாகவே ஓய்வு பெற்றார்.

அதனால் "அனுபவம் போதும், பட்டம் எதற்கு" என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்பேன். அனுபவம் யாருக்குப் போதும்?

மார்ச் 5, இரவு 11:05

காலையில் எழுதியது கொஞ்சம் சூடாகிவிட்டது. மாமா பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஹார்வர்டுக்கு முன்பே நம்மவர்களிடம் ஒரு வணிகப் பள்ளி இருந்தது, கட்டடமும் சான்றிதழும் இல்லாமல். பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் இருந்த நகரத்தார் கிட்டங்கிகளை, அதாவது வட்டிக்கடைக் கூடங்களைச் சொல்கிறேன். ஊரிலிருந்து வரும் பையன் முதலில் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை, கணக்கு எழுதப் பழகுவது. அப்புறம் அடுத்தாள். அப்புறம் மேலாள், அவர்தான் இங்கே பணத்தைக் கையில் வைத்து வட்டிக்குக் கொடுத்து வாங்குபவர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மூன்று வருடம் போல ஒரு தவணை, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். ஒரே கூடத்தில் பல கடைகளின் ஆட்கள் அவரவர் பெட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருப்பதால், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்ற சேதி வாய் திறக்காமலே பரவும். வட்டி விகிதமும் கூடிப் பேசி வைத்துக்கொள்வதுதான்.

முதலாளி வேறு, நடத்துபவர் வேறு என்ற ரயில்வே பிரச்சினை இவர்களுக்கும் இருந்தது. கடல் தாண்டி இருக்கும் ஆளை எப்படி நம்புவது? எம்பிஏ வகுப்பில் இதற்கு ஒரு முழுப் பாடமே உண்டு. இவர்கள் சாதிக்குள்ளேயே, கோவிலுக்குள்ளேயே அதைத் தீர்த்துக்கொண்டார்கள். ஏமாற்றினால் ஊரில் பெண் கிடைக்காது.

ஆனால் அந்தப் பள்ளியில் தாத்தாவுக்கும் இடமில்லை, உங்களுக்கும் எனக்கும் இடமில்லை. மாமாவின் கடையில் கல்லா யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். சும்மா சொன்னேன், கேட்காதீர்கள்.

மார்ச் 8, மாலை 4:30

'படித்ததில் உருப்படியாக ஒன்று சொல்' என்று சவால் விட்டிருக்கிறார்கள். நியாயமான சவால்.

முதலில் வகுப்பு நடக்கும் விதம். நிஜக் கம்பெனி ஒன்றின் சிக்கலைக் கையில் கொடுத்து, "நீ என்ன செய்வாய்" என்று கேட்பது ஹார்வர்ட் பரப்பிய முறை. 1919-ல் டீனாக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரியில் வழக்குகளை வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்த்தவர், அதையே இங்கும் கொண்டுவந்தார். வாத்தியார் விடை சொல்ல மாட்டார். மாணவர்கள் அடித்துக்கொள்ள வேண்டும்.

நான் படித்த இடத்தில் முதல் செமஸ்டரில் ஒருவர் சிலைடைப் பார்த்து வாசித்துவிட்டுப் போனார். அதற்கும் அதே கட்டணம்தான். இரண்டாவது செமஸ்டரில் நடப்பு மூலதனம், அதாவது அன்றாடம் தொழில் ஓடத் தேவைப்படும் பணம் பற்றிப் பாடம். எங்களுக்கு மண்டையில் ஏறவில்லை. பின் வரிசையில் நாசி கண்டார் (சோறு, குழம்பு) கடை வைத்திருக்கும் ஒரு மாமாக், அதாவது தமிழ் முஸ்லிம் கடைக்காரர், எழுந்தார்.

"நாளுக்கு 4,000 ரிங்கிட் விற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவர் அன்றே கொடுத்துவிடுகிறார். கோழி, அரிசி, மசாலாவுக்கு நாளுக்கு 1,500. சரக்குக்காரர் ஒவ்வொரு பில்லுக்கும் எனக்கு 30 நாள் தவணை கொடுக்கிறார். அப்படியென்றால் என் கையில் எப்போதும் 45,000 ரிங்கிட் அவருடைய பணம். நான் இரண்டாவது கடை போட்டது அந்தப் பணத்தில்தான். திடீரென்று ஒரு நாள் '7 நாள்தான் தருவேன்' என்றார். 10,500-க்குமேல் என்னிடம் இருக்க முடியாது. மீதி 34,500-ஐ உடனே கட்ட வேண்டும். லாபமாக ஓடும் கடை, ஆனால் கையில் காசில்லை. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது."

விரிவுரையாளர் தன் சிலைடை அணைத்துவிட்டு, அந்தக் கணக்கையே பலகையில் எழுதச் சொன்னார்.

அதைப் பார்த்தபோது எனக்கு என் தொழிற்சாலை புரிந்தது. எங்களுக்கு நேர் எதிர். மூலப்பொருளுக்கு 30 நாளில் கொடுத்துவிடுகிறோம், அது ஸ்டோரிலும் லைனிலும் கிடக்கிறது, வாடிக்கையாளர் கொடுப்பதோ அனுப்பியதில் இருந்து 60 நாள், 90 நாள் கழித்து. நடுவில் நான் சந்தேகத்தின் பேரில் ஒரு லாட்டை (ஒரு தொகுதிச் சரக்கை) அனுப்பாமல் ஹோல்ட் போட்டுவிட்டு வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். நான் தரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்த அந்த மூன்று நாளும் கம்பெனி வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தது. இப்போதும் ஹோல்ட் போடுகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிவெடுக்காமல் கிளம்புவதில்லை.

மார்ச் 8, மாலை 5:10

ஆமாம், அந்த மாமாக் அதே வகுப்பில் என்ன கற்றுக்கொண்டார் என்று ஒருவர் கேட்கிறார். தெரியவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு வந்தார், எல்லோருக்கும் சாப்பாடு அவர் கடையில்.

மார்ச் 9, இரவு 10:00

ஈப்போவில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் ஓர் அக்கா திருத்தம் சொல்லியிருக்கிறார்: இப்போது எம்பிஏ விரிவுரையாளர்கள் தொழிலில் இருந்து வருபவர்கள் இல்லை, பிஎச்டி ஆட்கள், கம்பெனிச் சிக்கல்களை வைத்து நடத்தும் பாடத்தைவிடப் புள்ளியியல்தான் அதிகம் என்கிறார்.

சரிதான் அக்கா. அதற்கும் ஓர் ஆண்டு உண்டு. 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் தனித்தனியாக இரண்டு அறிக்கைகள் வெளியிட்டன. அமெரிக்க வணிகப் பள்ளிகளின் தரம் மட்டம், மாணவர்கள் சுமார், பாடம் வெறும் கைத்தொழில் பயிற்சி போல இருக்கிறது என்று இரண்டும் வெளுத்து வாங்கின. அதற்குப் பிறகு பொருளாதாரம், கணிதம், உளவியல், ஆராய்ச்சி என்று எல்லாம் உள்ளே வந்தன. மரியாதை கூடியது. தொழிலை நேரில் பார்த்த வாத்தியார்கள் குறைந்தார்கள். பிற்பாடு கனடாவின் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் போன்றவர்கள் குறை சொன்னது இதைத்தான்: நிர்வாகம் செய்தே பார்க்காத இளைஞனுக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது அவர் கட்சி. எனக்கும் அந்தக் கட்சியில் ஒரு கால்.

மார்ச் 12, இரவு 9:35

தம்பியின் நேரடிக் கேள்வி பத்து நாளாக அந்தரத்தில் தொங்குகிறது. எம்பிஏ, எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ, எம்எஸ்சி.

எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ என்பது ஏற்கனவே பதவியில் இருப்பவர்கள் வேலையை விடாமல் படிப்பது. சிக்காகோ பல்கலைக்கழகம் 1943-ல் தொடங்கிவைத்தது. எம்எஸ்சி மேனேஜ்மென்ட் பெரும்பாலும் அனுபவமில்லாத புதுப் பட்டதாரிகளுக்கு. 1999-ல் ஐரோப்பிய நாடுகளின் போலோன்யா உயர்கல்வி ஒப்பந்தம் வந்து இளங்கலை, முதுகலை என்று தனித்தனிப் படியாகப் பிரித்த பிறகு ஐரோப்பாவில் இது பெருகியது. இப்போது மார்ச் 3-ல் எழுதியதைத் திரும்பிப் பாருங்கள். 1908-ல் ஹார்வர்டில் நடந்தது எதுவோ, அதுதான் இன்றைக்கு எம்எஸ்சி மேனேஜ்மென்ட் என்ற பெயரில் நடக்கிறது. எம்பிஏ என்ற பெயர் நகர்ந்து அனுபவசாலிகள் பக்கம் போய்விட்டது. நல்ல பள்ளிகள் சில வருட வேலை அனுபவம் இல்லாமல் எம்பிஏவில் சேர்ப்பதே இல்லை.

அதனால் பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வகுப்பில் உட்காரப் போவது யார் என்று கேளுங்கள். 23 வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு என்றால் பலகையில் எம்பிஏ என்று எழுதியிருந்தாலும் அது உங்களுக்கானது இல்லை. உங்களைப் போலத் துறைமுகத்திலும், மருத்துவமனையிலும், ஹார்டுவேர் கடையிலும் இருந்து வருபவர்கள் என்றால் வாத்தியார் சுமாராக இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். நான் ஒப்பேற்றினேன்.

மார்ச் 12, இரவு 9:52

குழு அசைன்மென்ட் பற்றி எச்சரிக்காமல் விட்டால் பாவம். ஐந்து பேர் குழுவில் ஒருவர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் காட்டுவார். முகப்புப் பக்கத்தில் அவர் பெயர்தான் முதலில் இருக்கும், அகரவரிசையாம்.

மார்ச் 14, பிற்பகல் 1:15

ஏஜெண்ட் சொன்ன வழி. பொய் இல்லை. அதற்கு எபெல் என்று பெயர், முன் அனுபவத்தை எடைபோட்டு நுழைவு கொடுக்கும் முறை. மலேசியத் தகுதி ஆணையம், அதாவது எம்கியூஏ, வைத்திருப்பது. முதுகலைக்கு 30 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) அல்லது டிப்ளோமா வேண்டும், சம்பந்தப்பட்ட வேலை அனுபவம் வேண்டும். தேர்வும் உண்டு, செய்த வேலைகளைத் தொகுத்துக் கோப்பாகவும் காட்ட வேண்டும். தம்பிக்கு வயதும் டிப்ளோமாவும் பொருந்துகிறது. "தேர்வெல்லாம் சும்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏஜெண்ட் சொன்னால் அங்கேயே போனை வையுங்கள்.

இரண்டு விஷயம் கவனம். ஒன்று, படிப்பு எம்கியூஏ பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள்; விளம்பரத் தாளில் போட்டிருக்கும் முத்திரையை நம்ப வேண்டாம். பாடவழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட். "ஆறு மாதம், பன்னிரண்டு கிரெடிட், எம்பிஏ" என்றால் அது என்ன என்று உங்களுக்கே தெரியும். இரண்டு, இளங்கலை இல்லாமல் முதுகலை எடுத்தவரிடம் பின்னால் வேறு நாட்டில் வேலைக்கோ பிஎச்டிக்கோ போனால் "இளங்கலை எங்கே" என்று கேட்க வாய்ப்பிருக்கிறது. இங்கேயே, இதே கம்பெனியில் ஏறத்தான் என்றால் அது பெரிய தடை இல்லை.

தாத்தாவுக்கு எபெல் இருந்திருந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மெட்ரோலாக்கைக் கோப்பில் எப்படி ஒட்டுவது?

மார்ச் 14, இரவு 10:30

சென்னையில் இருந்து வந்து கோலாலம்பூரில் வேலை தேடும் ஒருவர் இடையில் புகுந்து, "என்னிடம் இருப்பது ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) டிப்ளோமா, இங்கே டிப்ளோமா என்றதும் முகத்தைச் சுளிக்கிறார்கள்" என்கிறார்.

பழைய தலைவலி. கல்கத்தா, அகமதாபாத் ஐஐஎம்கள் இரண்டும் 1961-ல் வந்தவை. கல்கத்தாவுக்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் அகமதாபாதுக்கு ஹார்வர்டும் கைகொடுத்தன; ஃபோர்டு அறக்கட்டளைப் பணமும் இருந்தது. அவை சட்டப்படி பல்கலைக்கழகம் இல்லாததால் பட்டம் கொடுக்க முடியாது, முதுகலை டிப்ளோமாதான். 2017-ல் தனிச் சட்டம் வந்த பிறகே எம்பிஏ கொடுக்க முடிந்தது. இங்கே டிப்ளோமா என்றால் எஸ்பிஎம்முக்கு (பள்ளி இறுதித் தேர்வுக்கு) பிறகு படிப்பது என்று எச்ஆரில் இருக்கும் பிள்ளை நினைக்கும். கடிதத்தில் 'இரண்டு வருட முதுகலை, இளங்கலைக்குப் பின்' என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஆசியாவில் ஐஐஎம்கள்தான் முதல் என்று இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வராதீர்கள்: 1955-லேயே கராச்சியில் எம்பிஏ இருந்தது. அதே எம்ஐடி பிற்பாடு நம் பக்கமும் வந்தது. 2015-ல் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் எம்ஐடியின் வணிகப் பள்ளியான ஸ்லோனும் சேர்ந்து கோலாலம்பூரில் ஏஷியா ஸ்கூல் ஆஃப் பிசினஸைத் தொடங்கின. அமெரிக்கச் சரக்கு என்று மாமா சொன்னாரே, இப்போது மத்திய வங்கியே இறக்குமதி செய்கிறது.

மார்ச் 17, காலை 8:05

தம்பி எழுதியிருக்கிறார்: பாஸிடம் 'மேனேஜர் ஆக்குகிறேன்' என்பதைக் கடிதமாகக் கேட்டாராம். பாஸ் சிரித்துவிட்டு, "முதலில் சேர், பார்க்கலாம்" என்றாராம்.

அப்படியென்றால் பதவிக்காகச் சேராதீர்கள். பாதிக் கட்டணமாவது கம்பெனி தருமா என்று கேளுங்கள். தந்தால் முடித்த பிறகு எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டுவார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். தராவிட்டாலும் வேறு கம்பெனிக்குப் போக இந்தப் பட்டம் உதவும் என்று தோன்றினால் சேரலாம். துறைமுகத் தொழிலில் எட்டு 'ஆள் தேவை' விளம்பரங்களைப் பார்த்து, எத்தனையில் எம்பிஏ கேட்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள். அதைவிட நல்ல ஆய்வு எந்த எம்பிஏ வகுப்பிலும் கிடையாது.

மார்ச் 17, இரவு 9:20

பணம் பற்றி இரண்டு பேர் கேட்டதால்: சொந்தப் படிப்புக் கட்டணத்துக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு, முதுகலைக்கு எந்தத் துறையானாலும் பொருந்தும். இபிஎஃபில் (ஊழியர் சேமநிதியில்) படிப்புக்காக எடுக்கவும் வழி இருக்கிறது, ஆனால் அது வயதான காலத்துப் பணம், கடைசி வழியாக வையுங்கள். கட்டணத்தை இரண்டு வரி ஆண்டுகளில் பிரித்துக் கட்டினால் விலக்கை இரண்டு முறை வாங்கலாம். ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ஏஜெண்ட் பெயரில் இல்லை. ஏழு வருடம் பத்திரமாக வையுங்கள், வருமான வரித் துறையான எல்எச்டிஎன் கேட்டால் காட்ட வேண்டும்.